நாலாவது சுவரில் ரோஜா நிறக் கறை

"அநியாயம்!"

இந்தச் சொல்லைக் குக்கர் சொல்லாத நாள் கிடையாது. குக்கர் என்பது வீட்டில் அவளைக் கூப்பிடும் பெயர். கோபம் வந்தால் முதலில் அவள் மூக்கு விடைக்கும். அப்புறம் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். அதற்கும் மேலே போனால் விசில்தான். நாலாவது வீடுவரை கேட்கும்.

"மூணு விசில் வரட்டும், இறக்கிடலாம்" என்பார் அப்பா. அதைக் கேட்டு இன்னொரு விசில் வரும்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கோபப்பட்டதில் தப்பே இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதலில் அந்த அறையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். குக்கரும் அவள் தம்பியும் படுக்கிற அறை அது. அப்பா பெயிண்டர். ஊரில் பாதிக் கட்டடங்கள் அவர் கைபட்டுப் பளபளத்தன. ஆனால் சொந்தப் பிள்ளைகளின் அறைக்கு வந்ததெல்லாம் டப்பாவின் அடியில் மிஞ்சியதுதான். ஒரு சுவர் ஆஸ்பத்திரிப் பச்சை. அடுத்தது லாரிப் பட்டறைச் சிவப்பு. மூன்றாவது நீலம். அது பஸ் நிலையத்துக் கழிப்பறைக்கு அடித்தபோது மிஞ்சியது.

ஒரு நாள் வகுப்புத் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். "இந்த நீலத்தை எங்கேயோ பாத்திருக்கேனே... எங்கேன்னுதான் ஞாபகம் வரலை" என்று தலையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். உயிரே போனாலும் குக்கர் சொல்லியிருக்க மாட்டாள்.

நாலாவது சுவருக்குப் பெயிண்டே இல்லை. பெயிண்டுக்கு முன்னால் பூசும் வெள்ளை பிரைமர் மட்டும்தான். "அடுத்த வாரம் முடிச்சிடறேன்" என்று அப்பா சொல்லிச் சொல்லியே அது பழசாகி, உதிர ஆரம்பித்துவிட்டது. அந்தச் சுவரை ஒட்டித்தான் தம்பியின் கட்டில். காலையில் அவன் தலையணைமேல் மாவு சலித்த மாதிரி வெள்ளைத் தூள் கிடக்கும்.

தம்பிக்கு வயது ஐந்து. அவனுக்குப் புறா என்று பெயர் வந்ததற்குக் காரணம் அவனுடைய நெஞ்சு. மூச்சு இழுக்கும்போது உள்ளே ஒரு புறா உட்கார்ந்து குமுறுவது போல் சத்தம் வரும். "தூசி கூடவே கூடாது. பெயிண்ட் வாசனையும் ஆகாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் அப்பா வேலையிலிருந்து வந்ததும் பின்பக்கமாகப் போய்க் குளித்து, துணி மாற்றிவிட்டுத்தான் புறாவைத் தூக்குவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு டப்பாவோடு வந்தார். உள்ளே பளீரென்ற மஞ்சள்.

"கிடங்கு வேலையில மிஞ்சினது. அடுத்த ஞாயித்துக்கிழமை நாலாவது சுவரை முடிச்சிடறேன். தூசித் தொல்லை விட்டுச்சு" என்றார் அப்பா.

"வாசனை?" என்றாள் குக்கர்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். தையல் இயந்திரத்தில் பள்ளிச் சீருடை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்த அம்மா, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சரிசெய்தாள்.

"வாசனை போறவரைக்கும் புறா சித்தி வீட்டுல இருக்கட்டும். ஒரு மாசம்தானே" என்றாள் அம்மா.

புறா அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். கழிப்பறை நீலம் அடித்தபோதும் அவனைச் சித்தி வீட்டுக்குத்தான் அனுப்பினார்கள். சித்தி நல்லவள்தான். ஆனால் அவன் அங்கே சாப்பாட்டு மேஜைக்கு அடியில், அக்காவின் பழைய பாவாடையைச் சுருட்டி வைத்துக்கொண்டுதான் தூங்கினான். இது அப்பாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

குக்கரின் மூக்கு விடைத்தது. "எங்க ரூம் அது! எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா? சுவத்துக்காக ஆளையே வெளியே அனுப்புவாங்களா? அநியாயம்!"

"சுவரை அப்படியே விட்டா தூசி. அடிச்சா வாசனை. நான் என்னம்மா செய்ய?"

"வாசனை இல்லாத பெயிண்டை அடிங்க."

"அது விக்கிற விலைக்கு உன்னையே வித்தாலும் பத்தாது" என்று அப்பா சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "அப்போ நானே செய்யறேன்!" என்று சொல்லிவிட்டாள். எதை வைத்து, எப்படி என்பதெல்லாம் அவளுக்கே தெரியாது. சொன்னது சொன்னதுதான்.

"என்னது, நீயா? சரி செஞ்சுக்கோ. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன். உதிரக் கூடாது, வெடிக்கக் கூடாது, கறை ஒண்ணு இருக்கக் கூடாது. இருந்தா இந்த மஞ்சள்தான்."

"இல்லைன்னா புறா எங்கேயும் போக மாட்டான். சத்தியமா?"

"சத்தியம்."

மறுநாளே குக்கர் வேலையைத் தொடங்கினாள். பள்ளியில் கைவேலை வகுப்புக்கென்று வாங்கிய வெள்ளைக் களிமண் மூட்டையிலிருந்து டீச்சர் ஒரு பை நிறையக் கொடுத்தார். அதைத் தண்ணீரில் கரைத்துச் சுவரின் ஒரு மூலையில் பூசினாள். காய்ந்ததும் அழகாகத்தான் இருந்தது. புறா அதில் சாய்ந்தான். அவன் முதுகு வெள்ளையாகிவிட்டது. சுவர் பழையபடி நின்றது.

"ஒட்டணும்" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எது ஒட்டும்? புத்தகத்துக்கு அட்டை போடும் மைதாப் பசை. மாவைக் காய்ச்சிக் களிமண்ணில் கலந்தாள். இந்தத் தடவை உதிரவில்லை. ஆனால் மிச்சம் வைத்த பசையில் மறுநாள் பூஞ்சை. பூஞ்சை புறாவுக்குத் தூசியைவிட மோசம். அட்டை ஒட்டும் பசையில் கிராம்பு போட்டால் கெடாது என்று டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. கிராம்பு கொதித்த தண்ணீரில் பசையைக் காய்ச்சினாள். ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தாள். கெடவில்லை.

நிறத்துக்கு அவள் அலையவே வேண்டியிருக்கவில்லை. அம்மா ஊதா முட்டைகோஸ் நறுக்கினால் பலகையில் கறை ஏறிவிடும். தேய்த்துத் தேய்த்து அம்மா திட்டுவாள். அந்த இலைகளை வேகவைத்து இறுத்த தண்ணீரைக் களிமண் குழம்பில் ஊற்றினாள். புறா நாற்காலிமேல் நின்று கிண்டினான். வெள்ளைக் குழம்பு மெல்ல மெல்லக் கத்தரிப்பூ நிறமானது.

"குடிக்கலாமா?" என்று கேட்டான் புறா.

"சுவர்தான் குடிக்கும்."

இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்து, அப்பாவின் பழைய அகலத் தூரிகையால் ஒரு பூச்சு பூசினாள். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் நாலாவது சுவர் முழுவதும் கத்தரிப்பூ நிறம். அறையில் லேசாகக் கிராம்பு வாசனை. புறா மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தான். நெஞ்சுக்குள் இருந்த புறா வாயே திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில்தான் அந்த அநியாயம் நடந்தது.

புறாவின் கட்டிலுக்கு மேலே, சுவரில், தெறித்த மாதிரி ரோஜா நிறக் கறை! தட்டு அளவுக்கு ஒன்று. அதைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக இருபது முப்பது.

குக்கர் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தாள். கறை போகவில்லை. ரோஜா நிறம் மாறிப் பச்சையும் நீலமும் கலந்த புதுக் கறை ஆகிவிட்டது! ஒரு கறையோடு இருந்த சுவர் இப்போது இரண்டு நிறக் கறையோடு நின்றது.

விசில் அடித்தது. நாலாவது வீட்டு ஜன்னல் திறந்தது.

அப்பா ஓடி வந்தார்.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்க. நீங்கதானே தெளிச்சீங்க? மஞ்சள் டப்பா வீணாப் போயிடும்னுதானே?"

அப்பாவின் முகம் சிவந்தது. "யாரைப் பாத்து என்ன கேக்கற? நான் பெயிண்டர்! அடுத்தவங்க அடிச்ச சுவரைக் கெடுக்கறவனா நான்? என் தொழில்ல இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது!"

அவர் சாப்பிடாமலே வேலைக்குப் போய்விட்டார். போகும்போது, "கறை ஒண்ணு இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன், ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

சனிக்கிழமை காலையில் பழைய கறைக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு ரோஜா நிறக் கறை. இன்னும் ஈரமாக இருந்தது. அறையில் புறாவைத் தவிர யாரும் இல்லை. அவன் கட்டிலில் காலி டம்ளரோடு உட்கார்ந்திருந்தான்.

"நீதானாடா?" என்றாள் குக்கர். "யாருக்காகடா இந்தச் சுவரு? எனக்காகவா? நாளைக்கு அப்பா வந்து பாத்தா உன்னைத்தானே அனுப்புவாங்க! எங்கேடா ஒளிச்சு வச்சிருக்க அந்தக் கலரை?"

"நான் கலர் தெளிக்கலைக்கா."

"பொய்!"

"தெளிக்கலை! நான் என்ன சொன்னாலும் யாருமே நம்ப மாட்டேங்கறாங்க! அம்மாவும் நம்பலை, நீயும் நம்பலை! அநியாயம்!"

அவன் நெஞ்சுக்குள் அந்தப் புறா மெல்லக் குமுறத் தொடங்கியது.

குக்கருக்குத் தன்னுடைய சொல்லை இன்னொருவர் வாயிலிருந்து கேட்பது ஒரு மாதிரியாக இருந்தது. நேற்று அப்பாவின் முகம் சிவந்ததும் நினைவுக்கு வந்தது. அவரிடமும் என்ன நடந்தது என்று விசாரிக்கவில்லை. நேராகப் பழியைத்தான் போட்டாள்.

கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்தச் சத்தம் அடங்கும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு கேட்டாள்:

"சரி, நம்பறேன். நீ கலர் தெளிக்கலை."

"ம்."

"வேற ஏதாவது தெளிச்சியா?"

புறா காலி டம்ளரைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். கடைசியில், "எலுமிச்சை ஜூஸ்" என்றான்.

தினமும் காலையில் அம்மா அவனுக்கு எலுமிச்சைச் சாறு கொடுப்பாள். அவன் தினமும் "புளிக்குது" என்பான். "சர்க்கரை போட்டிருக்கேன், அடம் பிடிக்காம குடி" என்று சொல்லிவிட்டு அம்மா தையலுக்குப் போய்விடுவாள். அவள் தலை மறைந்ததும் சாறு சுவருக்குப் போய்விடும். வெள்ளைச் சுவரில் அது தெரியவே இல்லை. கத்தரிப்பூச் சுவர்தான் காட்டிக் கொடுத்துவிட்டது.

"சர்க்கரையே இல்லைக்கா. நிஜமா."

டம்ளரின் அடியில் நாலைந்து சொட்டு மிஞ்சியிருந்தது. குக்கர் அதை வாயில் விட்டாள். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. இரண்டு தோளும் காதுவரை ஏறின.

"உஸ்ஸ்! இதையாடா உன்னை தினமும் குடிக்கச் சொன்னாங்க?"

டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டாள். "அம்மா, எனக்கும் ஒரு டம்ளர் ஜூஸ் போடேன்."

அம்மா எலுமிச்சையைப் பிழிந்தாள். சர்க்கரை டப்பாவைக் கையில் எடுத்தாள். அதே நேரம் வாசலில் ஒரு குரல்: "அக்கா, பையனோட நிஜார் தைச்சாச்சா?" அம்மா டப்பாவை வைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்தாள். "இந்தா" என்று டம்ளரை நீட்டினாள்.

"சர்க்கரை போட்டியா?"

"போட்டேனே!"

"நீயே ஒரு மடக்கு குடிச்சுப் பாரு."

அம்மாவுக்கு இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. திறந்தபோது அவள் முதலில் பார்த்தது புறாவைத்தான். "அட ராசா! தினமும் இதையா உன் கையில கொடுத்தேன்?" என்று அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவன் தினமும் அதை என்ன செய்தான் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. குக்கரும் சொல்லவில்லை.

ஆனால் இதனால் சுவரில் இருந்த கறை போய்விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரே ஓர் இரவு. புதிதாகப் பூசக் களிமண்ணும் இல்லை.

குக்கர் கறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாற்றுக்கு நிறமே இல்லை. ஆனாலும் பட்ட இடம் ரோஜா நிறம். சோப்புத் தண்ணீருக்கும் நிறம் இல்லை. பட்ட இடம் மயில்கழுத்து நிறம். அப்படியானால்...

"டேய் புறா! மிச்ச ஜூஸைக் கொண்டா. சோப்பும் கொண்டா!"

சுவரின் ஓரமாகச் சாற்றில் நனைத்த விரலால் ஒரு கோடு இழுத்தாள். கோடு ரோஜா நிறத்தில் மெல்ல மலர்ந்தது. சோப்புத் தண்ணீரால் அதன் கீழே ஒரு கோடு இழுத்தாள். மயில்கழுத்து நிறம்.

புறா வாயைப் பிளந்தான். "அக்கா... சுவருக்குள்ள கலர் ஒளிஞ்சிருக்கு!"

"அதை நாம வெளியே கூப்பிடணும். அவ்வளவுதான். இந்தப் பெரிய கறை உனக்கு என்ன மாதிரி தெரியுது?"

புறா தலையைச் சாய்த்துப் பார்த்தான். "குண்டு மீன்."

"அப்போ வால் போடு."

அவன் வால் போட்டான். அவள் கண் வைத்தாள். தெறித்த பொட்டுகள் மீன் விடும் குமிழிகளாயின. சோப்புக் கறை கடலாக நீண்டது. புறா இன்னொரு மீன் போட்டான். அது கொஞ்சம் அப்பாவைப் போல் இருந்தது. இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா மஞ்சள் டப்பாவோடும் தூரிகையோடும் அறை வாசலில் வந்து நின்றார். நின்றவர் நின்றவர்தான்.

"அப்பா, முதல்ல ஒண்ணு சொல்லணும்" என்றாள் குக்கர். "நீங்க தெளிக்கலை. விசாரிக்காம உங்க மேல பழி போட்டுட்டேன். தப்புதான்."

"ம்" என்றார் அப்பா. கண்ணைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. பெயிண்டர்கள் சுவரைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, உள்ளங்கையாலும் பார்ப்பார்கள். அவர் உள்ளங்கையை மேலிருந்து கீழே இழுத்துத் திருப்பிப் பார்த்தார். தூள் இல்லை. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார். வெடிப்பு இல்லை.

"கறை இருக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"எங்கே இருக்கு கறை? அது மீன்!" என்றான் புறா.

"இத்தனை கலர் எங்கேடி வாங்கின?"

குக்கர் ஒரு டம்ளரை நீட்டினாள். அப்பா உள்ளே பார்த்தார், மோந்து பார்த்தார். "வெறும் எலுமிச்சைத் தண்ணி!"

"தொட்டு ஒரு கோடு போடுங்க."

அப்பா விரலை நனைத்துச் சுவரில் ஒரு கோடு போட்டார். ரோஜா நிறம் மெல்ல எழுந்து வந்தது. அவர் விரலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார்.

"அநியாயம்!" என்று கத்தினார் அப்பா. "இத்தனை வருஷமா ஒவ்வொரு கலருக்கும் ஒரு டப்பா தூக்கித் தூக்கி என் தோளே இறங்கிப் போச்சு! ஒரு எலுமிச்சம்பழத்துல முடிச்சிருக்கீங்க!"

பிறகு பெயிண்டர் குரலில் கேட்டார்: "வெளுத்துடுமே?"

"வெளுத்தா மறுபடி பூசுவோம். வேற படம் போடுவோம். வாசனைதான் இல்லையே. யாரும் யாரு வீட்டுக்கும் போக வேண்டாம்."

அப்பா மஞ்சள் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். அதை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, நீலச் சுவரின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இந்தக் கக்கூஸ் நீலத்தை முதல்ல தேய்ச்சு எடுக்கணும்" என்றார். "தூசி பறக்காம, தண்ணி விட்டுத் தேய்ப்போம். இன்னும் களிமண் கிடைக்குமா?"

திங்கட்கிழமை காலையில் அம்மா எலுமிச்சைச் சாறு கொண்டுவந்தாள். வாசலில் யாரோ கூப்பிட்டும் போகாமல், இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்டுக் கலக்கிய பிறகுதான் கொண்டுவந்தாள். புறா ஒரு மடக்கு குடித்தான். இன்னொரு மடக்கு குடித்தான். டம்ளர் காலியானது.

அவன் டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தான். ஒரு சொட்டுகூட விழவில்லை. சுவரில் வால் இல்லாமல் நின்றிருந்த மூன்றாவது மீனைப் பார்த்தான்.

"அநியாயம்!" என்றான் புறா. "இப்படி இனிப்பா கொடுத்தா நான் படம் போட எப்படி மிச்சம் வைக்கறது?"